கோலும் குடியும்

கையில் பிடிக்கும் நீண்ட மரத்துண்டு ஒன்றுக்குத் தமிழர் வைத்துள்ள பெயர்களை எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா. கோல், தடி, தண்டு, கம்பு, கழி, பிரம்பு எனப் பட்டியல் நீளும். நெல்லைச் சீமையின் பேச்சில் அது கம்பு. ஏட்டில் ஏறினால் கோல். காவல்துறைச் செய்தியில் தடி. பள்ளிக்கூடத்தில் பிரம்பு. மரம் ஒன்றாயினும், பிடிக்கும் கை மாறும்போது பெயரும் மாறிவிடுகிறது. வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் சதுரகராதியைத் தொகுத்தபோது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைப் பெயரகராதி என்றும், ஒரு பொருளுக்குரிய பல சொற்களைப் பொருளகராதி என்றும் பிரித்து வைத்தார். நம் சொல்லுக்கு இவ்விரு வாயில்களும் வேண்டும்.

கோல் என்னும் சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். உழவன் எருதை ஓட்டுவது தாற்றுக்கோல். வணிகன் நிறுப்பது துலாக்கோல். புலவன் பிடிப்பது எழுதுகோல். வில்லுப்பாட்டுக்காரர் வில்லின் நாணில் அடிப்பது வீசுகோல். பெண்கள் கொட்டி ஆடுவது கோலாட்டக் கோல். வில்லிலிருந்து பாயும் அம்புக்கும் கோல் என்றே பழம்பெயர். ஆடலில் தேர்ந்த மாதவிக்கு அரசவை அளித்த சிறப்பு, தலைக்கோல். பகையரசனிடமிருந்து கைப்பற்றிய வெண்கொற்றக் குடையின் காம்பைக் கொண்டு அக்கோலைச் செய்வார்கள் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. சோழர் கல்வெட்டுகளிலும் ஆடல் மகளிர் தலைக்கோலி என்னும் பட்டத்தோடு காட்சி தருகின்றனர். இவை எல்லாவற்றுக்கும் மேலே அரசனின் செங்கோல். எல்லாவற்றுக்கும் கீழே, யாரும் பாராட்டாமல் கதவிடுக்கில் சாய்ந்து நிற்பது கிழவனின் ஊன்றுகோல். அந்தக் கடைசிக் கோலைப் பற்றித்தான் நாம் எழுத எண்ணினோம்.

ஊன்றுதல் என்பதன் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விதையை ஊன்றுகிறோம். மரம் வேரூன்றுகிறது. காலை ஊன்றி நிற்கிறோம். ஒரு நூலை ஊன்றிப் படிக்கிறோம். எங்கும் உறுதியே பொருள். தளர்ச்சி எங்கும் இல்லை. ஆனால் ஊன்றுகோல் என்றவுடன் நம் மனம் இரக்கத்துக்குத் தாவுகிறது. சொல் உறுதியைச் சொல்ல, கேட்பவர் தளர்ச்சியைக் கேட்கிறார்.

திருக்குறளில் இச்சொல்லின் வடிவம் ஊற்றுக்கோல். இரும்பும் பாதையும் சேர்ந்து இருப்புப்பாதை ஆவதுபோல, மெல்லெழுத்து வல்லெழுத்தாகி ஊன்று என்பது ஊற்று ஆயிற்று. இன்று ஊற்று என்றால் நீரூற்றே நினைவுக்கு வருவதால், மாணவர் பலர் இவ்விடத்தில் தடுக்கி விழுகின்றனர். கேள்வி என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், ஒழுக்கமுடையோரின் வாய்ச்சொல்லை வழுக்கும் நிலத்தில் உதவும் ஊற்றுக்கோலுக்கு ஒப்பிடுகிறார். முதியவர்க்கு என்றோ முடவர்க்கு என்றோ அவர் பிரிக்கவில்லை. தரை வழுக்கினால் எவர்க்கும் கோல் வேண்டும். இளைஞனும் வழுக்குவான், வேந்தனும் வழுக்குவான். இழிவு என்னும் சாயல் அச்சொல்லின்மேல் அன்று படியவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி மேலே ஏறிய கோலைப் பார்ப்போம். வள்ளுவரே செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கோன்மைக்கு அடுத்த அதிகாரமும் வகுத்தார். நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். கோலோடு நிற்கும் அரசன் குடிகளிடம் பொருள் கேட்பது, வேலோடு நிற்கும் கள்வன் கொடு என்பதற்கு நிகர் என்றும் அவர் எச்சரித்தார். தவறான தீர்ப்பினால் வளைந்த தன் கோலைப் பாண்டியன் நெடுஞ்செழியன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்பது சிலப்பதிகாரம் காட்டும் காட்சி. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் அளித்த செங்கோல், பின்னர் அருங்காட்சியகத்தில் இருந்து, 2023 மே 28ஆம் நாள் புதிய நாடாளுமன்றத்தில் நிறுவப்பட்டது. அதன் பொருள் குறித்து அரசியலார் நிறையவே வாதிட்டனர். அந்த வாதத்தில் நமக்கு இடமில்லை. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது: கோல் என்றதும் நாடே செங்கோலை எண்ணியது, ஊன்றுகோலை எவரும் எண்ணவில்லை.

தண்டு என்னும் சொல்லின் பயணமும் இப்படியே. தண்டு என்றால் கைத்தடி. அதுவே படைக்கும் பெயர். தண்டம் என்றால் ஒறுப்பும் அபராதமும். தண்டல் என்றால் வரி திரட்டுவது. இன்று நாள்வட்டிக்காரர் கடைகடையாக வசூலிப்பதும் தண்டல்தான். தாங்குவதற்கு எடுத்த தடி, தண்டிப்பதற்கும் தண்டுவதற்கும் போய்விட்டது. கைத்தடியின் கதை இன்னும் கேலிக்குரியது. ஈரோட்டுப் பெரியாரின் சிலைகளில் கம்பீரமாக நிற்கும் அக்கைத்தடி, மேடைப் பேச்சில் வேறொரு பொருளையும் பெற்றது. பெரிய மனிதரின் ஏவலுக்கு ஆடுபவரை அவருடைய கைத்தடி என்கின்றனர். தளர்ந்தவர் ஒருவரைத் தாங்கும் பொருளுக்கு வலிமையுடையவரின் அடியாள் என்று பொருள் வந்தது, சொல்லுக்கு நேர்ந்த அநீதி என்றே நமக்குப் படுகிறது.

கிரேக்க, எபிரேய மொழிகளிலும் தடி உயர் பதவி அடைந்ததுண்டு. எபிரேயத்தில் கானே என்பது நாணல். எசேக்கியேல் 40ஆம் அதிகாரத்தில் கோவிலை அளக்க வருபவர் கையில் இருப்பது இந்த நாணற்கோல். அதனோடு உறவுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து கானோன் பிறந்தது. திருநூல்களின் தொகுதியை அச்சொல்லால் குறித்தனர். திருஅவைச் சட்டத்தின் ஒவ்வொரு விதிக்கும் அதுவே பெயர். சட்டம் என்பதே ஓர் அளவுகோல்! முதலாம் இராசராசன் காலத்தில் சோழநாட்டு நிலங்களை அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர் சூட்டியது இதற்கு நிகரான தமிழ் வழக்கு. இன்னொரு வியப்பும் உண்டு. எபிரேயத்தில் கோலைக் குறிக்கும் மத்தே, சேபெத் என்னும் இரு சொற்களும் குலம் என்னும் பொருளையும் தருகின்றன. கோலும் குடியும் அங்கே ஒரே சொல்.

உயரம் ஏறிய கோல்களைப் பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் புறநானூற்றின் 243ஆம் பாடலுக்கு வரலாம். பாடியவர் ஒரு முதியவர். இளமையில் ஆழ்ந்த மடுவின் கரையிலிருந்த மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, கரையில் நின்றோர் திகைக்கத் துடுமெனக் குதித்து, அடிமணலை அள்ளி வந்ததை அவர் நினைக்கிறார். இப்போதோ இருமலுக்கு இடையே சில சொற்கள்தாம் வருகின்றன, உடல் நடுங்குகிறது, கையில் பூண் கட்டிய தடி. இவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் தடியைக் கொண்டே தொகுத்தோர் இவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்றனர். அரசர் பலர் செங்கோலோடு மறைந்தனர். இம்முதியவர் ஊன்றுகோலோடு நிலைத்தார். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றியதனால் இத்தடி நம் கைக்கும் எட்டியது.

இங்கிருந்து நாம் ஆய்க்குடிக்குச் செல்ல வேண்டும். தென்காசிக்கு அணித்தே, மேற்கில் மலைத்தொடர் சுவராய் நிற்க, வயல்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர் அது. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் இவ்வூரையும் நனைத்துச் செல்லும். பாலசுப்பிரமணியர் கோவிலால் பெயர் பெற்ற ஊர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிய பின் அதன்பாற்பட்டது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரனின் ஊர் இதுவே என்று இவ்வட்டாரத்தார் உறுதியாக நம்புகின்றனர். பொதியில் மலைச்சாரல் ஆய் நாடு என்பதைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. ஆய் என்பதை ஆயர் என்பதோடு இணைத்து, கால்நடை வளர்த்த குடியினர் என்று கொள்வாரும் உளர். மேற்றிராணியார் என்று நம் முன்னோர் அழைத்தவரை இன்று நாம் ஆயர் என்கிறோம். அவர் கையில் இருக்கும் கோலின் தலை வளைந்திருப்பதையும் இங்கே எண்ணிக்கொள்ளலாம். அரசன் கோல் வளைந்தால் கொடுமை. இடையன் கோல் வளைந்தால்தான் பள்ளத்தில் விழுந்த ஆட்டை இழுத்தெடுக்க முடியும். கைத்தடியின் தலை வளைந்தால்தான் கைக்குப் பிடி கிடைக்கும்.

ஆய் அண்டிரனைப் பாடிய புலவருள் தலையாயவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். புறநானூற்றில் 127ஆம் பாடல் முதல் 135ஆம் பாடல் வரை அவர் ஆயைப் பாடியவை. மோசி என்பது பெயர். முட என்னும் அடை அவர் கால் முடம்பட்டவர் என்பதைக் காட்டும் என்பர். வேறொரு புலவர்க்கு ஐயூர் முடவனார் என்றே பெயர். அவர் தாமான் தோன்றிக்கோன் என்னும் வள்ளலிடம் பொன்னையோ யானையையோ கேட்கவில்லை, எருது கேட்டார். நடக்க இயலாதவர் வண்டிக்கு எருது கேட்டார் என்று கொள்வர். கேட்டதில் கூச்சம் எதுவும் தெரியவில்லை. தமக்கு எது தேவை என்று அவர்க்குத் தெரிந்திருந்தது. இன்று உதவி வழங்கும் விழாக்களில் தேவைப்படுபவரைக் கேட்காமலேயே பொருளை முடிவு செய்யும் நம்மவர்க்கு இப்பாடலைப் படித்துக் காட்டினால் நன்று.

முடமோசியார் ஆயைப் புகழ்ந்த முறையில் இரண்டு செய்திகள் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆய் யானைகளைப் பாடி வந்தோர்க்குக் கொடுத்துக் கொடுத்து, அவற்றைக் கட்டும் தறிகள் வெறுமையாகி, அவ்விடத்தில் காட்டுமயில்கள் வந்து தங்கின என்பது ஒன்று. மறுமையில் பலன் வரும் என்று கணக்கிட்டு இம்மையில் கொடுக்கும் வியாபாரி அவன் அல்லன் என்பது மற்றொன்று. சான்றோர் சென்ற வழி இது என்பதற்காகவே அவன் கொடுத்தான். புண்ணியத்தைச் சேமிப்புக் கணக்குப்போல நடத்துவோர் எல்லாச் சமயங்களிலும் இருக்கின்றனர், நம்மிடையேயும் உளர். 132ஆம் பாடலோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. வடக்கே இமயமும் தெற்கே ஆய்குடியும் இல்லையாயின் இவ்வுலகம் நிலைபிறழ்ந்து கவிழும் என்கிறார் புலவர். குடி என்பதற்கு ஊர் என்றும் கொள்ளலாம், குலம் என்றும் கொள்ளலாம். துலாக்கோலின் ஒரு தட்டில் இமயம், மறுதட்டில் கொடுக்கும் குடி ஒன்று. வேறு வகையில் நோக்கினால், சாயும் உலகுக்குத் தெற்கே ஊன்றிய கோல். ஆயைப் போற்றிய புலவர் பலருள், ஊன்றி நடப்பதன் பொருளை உடலால் அறிந்திருந்த ஒருவர்க்கே இவ்வுவமை தோன்றியது என்று எண்ண நமக்கு விருப்பமாயிருக்கிறது.

தமிழ்ப் புலவரவை முடவர்க்கு இடம் தந்தது. திருமறையின் ஏடுகளோ இவ்வகையில் ஒரே குரலில் பேசுவதில்லை. லேவியர் 21ஆம் அதிகாரம் கால் ஊனமுற்றவரைப் பலிபீடத்தருகே வர விடவில்லை. தாவீதின் காலத்தில் பார்வையற்றோரும் முடவரும் இல்லத்தில் நுழையலாகாது என்னும் வழக்கு எழுந்ததை 2 சாமுவேல் 5 குறிக்கிறது. ஆனால் யாக்கோபு? இரவெல்லாம் போராடி, இடுப்பில் அடிபட்டு, நொண்டி நொண்டி நடந்த அன்றுதான் இஸ்ரயேல் என்னும் பெயரைப் பெற்றார். அவரது முதுமையைக் கூறும் தொடக்கநூல் 47ஆம் அதிகாரத்தில் ஒரு சொற்சிக்கல் உண்டு. எபிரேய மெய்யெழுத்துகளை ஒருவகையாய் உயிர்கூட்டிப் படித்தால் யாக்கோபு படுக்கையின் தலைமாட்டில் சாய்ந்து வணங்கினார். வேறுவகையாய்ப் படித்தால் கோலின் தலையில் சாய்ந்து வணங்கினார். மித்தா என்றால் படுக்கை, மத்தே என்றால் கோல். எழுத்து ஒன்றே. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் கோலைத் தெரிந்தனர். எபிரேயர் திருமுகம் 11ஆம் அதிகாரமும் அதனையே பின்பற்றியது. குருமடத்தில் இதனைக் கற்றபோது வெறும் பாடபேதமாகவே கற்றோம். படுக்கையில் கிடந்து வணங்குவதற்கும் கோலூன்றி வணங்குவதற்கும் எத்துணைத் தொலைவு என்பது முதியோரைச் சந்திக்கும் பணியில்தான் புலனாகிறது. இயேசு கோவிலைத் தூய்மையாக்கிய பின், பார்வையற்றோரும் கால் ஊனமுற்றோரும் அங்கேயே அவரிடம் வந்தனர் என்று மத்தேயு 21:14 கூறுவதும் இவற்றோடு சேர்த்துப் படிக்கத்தக்கது.

இருந்தும் பழைய விலக்கு எளிதில் மறையவில்லை. 1917ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத்தொகுப்பு, உடற்குறையினால் பீடப்பணியைப் பாதுகாப்பாகவோ தகுந்த தோற்றத்தோடோ ஆற்ற இயலாதவரைக் குருத்துவத்துக்குத் தடையுடையோர் பட்டியலில் வைத்திருந்தது. 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அத்தடை இல்லை. கானோன் என்னும் அளவுகோல் தன்னைத் தானே திருத்திக்கொண்டது எனலாம். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1994இல் இடுப்பெலும்பு முறிந்தபின் கைத்தடியோடு நடந்தார். 1995 ஜனவரியில் மணிலாவில் கூடிய இளைஞர் முன்னிலையில் அத்தடியைச் சுழற்றிக் காட்டி அவர்களைச் சிரிக்க வைத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே முதல் சக்கர நாற்காலியில் மக்களைச் சந்தித்தார். 2025 ஏப்ரலில் இறக்கும்வரை அதனை மறைக்க முயலவில்லை.

சட்டம் மாறியது போல மனம் மாறுவதில்லை. நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் ஓர் ஆச்சி நாள்தோறும் திருப்பலிக்கு வருவார். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கம்பையும் செருப்போடு வைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போவார். “ஆச்சி, கம்பையும் உள்ளே கொண்டு போங்க” என்று பலமுறை சொன்னோம். “கம்பு பிடிச்சிக்கிட்டு ஆண்டவருக்கு முன்னால நிக்கலாமா சாமி?” என்பார். பெரியவர் முன் துண்டைத் தோளிலிருந்து இறக்கிய, தடியைத் தரையில் போட்ட ஒரு காலத்தின் பழக்கம் அந்தக் கையில் இருந்தது. தடி அடிக்கும் கருவி, ஆதலால் அதிகாரத்தின் முன் அதனைக் கீழே போட வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். செங்கோலின் நிழல் ஊன்றுகோலின் மேல் விழுந்ததற்கு இதனை விடச் சான்று நாம் காணவில்லை. அந்தக் கோவில் வாசலுக்கு ஏழு படிகள்; கைப்பிடி கிடையாது.

மீண்டும் ஆய்க்குடி. 1975ஆம் ஆண்டில், பொறியியல் மாணவராயிருந்த எஸ். ராமகிருஷ்ணன் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் பங்கேற்றபோது கீழே விழுந்து, கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டார். கழுத்துக்குக் கீழே உடல் இயங்கவில்லை. முதுகுத்தண்டு, தண்டுவடம் என்று தமிழர் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! உடலுக்குள்ளேயே இறைவன் ஊன்றிய கோல் அது. அக்கோல் முறிந்தவர் 1981இல் தம் ஊராகிய ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு மருத்துவமும் மனவுறுதியும் தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். தசைச்சிதைவு நோயினால் சக்கர நாற்காலியில் இயங்கிய பட்டயக் கணக்கர் எஸ். சங்கர ராமன் 1992இல் அவரோடு இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்த 1981ஆம் ஆண்டைத்தான் ஐக்கிய நாடுகள் அவை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 14ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலின் 22ஆம் பிரிவு, ஊனமுற்றோரின் வேலை உரிமையைப் பேசியது. முழு ஆற்றலுடையோரை மட்டும் வேலைக்கு ஏற்கும் சமூகம், வலியோர் மெலியோரை ஒதுக்கும் கொடிய பாகுபாட்டில் விழும் என்று அது கண்டித்தது. ஆய்க்குடியில் தொடங்கியோர் அம்மடலைப் படித்திருக்க வேண்டியதில்லை. நம் பங்குகளில் எத்தனை பேர் அதனைப் படித்தோம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, நாட்டில் 2.68 கோடிப் பேர் உடற்குறையோ மனக்குறையோ உடையவர் என்று காட்டியது. 1995ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் அவர்தம் உரிமைக்குச் சட்டங்கள் இயற்றப்பட்டன. முடவர் என்ற சொல் ஊனமுற்றோர் ஆகி, இன்று மாற்றுத்திறனாளி ஆகியுள்ளது. சொல் திருந்தியது நன்றே; படிக்கட்டுகள் பெரும்பாலும் திருந்தவில்லை.

சங்கத்தின் வளாகத்தில் சிறப்புப் பள்ளியும் தொழிற்பயிற்சியும் உண்டு. சுற்றுவட்டச் சிற்றூர்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் பணியும் நடந்து வந்துள்ளது. கால்தாங்கிகளும் செயற்கை உறுப்புகளும் அவரவர் உடலுக்கு அளவெடுத்துச் செய்யப்படுகின்றன. அளவெடுத்தல் என்பதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகளந்த கோலுக்கு ஒரே நீளம். நிலம் அதற்கு அடங்க வேண்டும். ஊன்றுகோலுக்கோ ஆள்தான் அளவு. கடையில் கிடைத்ததை வாங்கி முதியோர் கையில் திணிப்பது நம் வீடுகளில் வழக்கம். நீளம் மிகுந்தால் தோள் தூக்கி வலிக்கும். குறைந்தால் முதுகு மேலும் வளையும். செருப்பணிந்து நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அந்த உயரத்தில் கோலின் பிடி இருக்க வேண்டும். ஊன்றும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். வலக்கால் தளர்ந்தவர் இடக்கையில் பிடிக்க வேண்டும். பலரும் தளர்ந்த பக்கமே பிடிக்கின்றனர். கோலும் தளர்ந்த காலும் ஒருசேர முன்னே செல்ல வேண்டும். அடியிலுள்ள ரப்பர்ப் பூணை மாதம் ஒருமுறையேனும் திருப்பிப் பார்ப்பது நல்லது. அதன் வரிகள் தேய்ந்துவிட்டால், சாரல் தொடங்குமுன் புதிது மாட்டிவிட வேண்டும். நனைந்த சிமெண்டுத் தரையில் தேய்ந்த பூண் நிற்காது.